கட்டைவிரல் முளைத்த இலை

எங்கள் ஊரில் சாலட் என்றால் யாருக்கும் இலை நினைவுக்கு வராது. எலுமிச்சை ஜெல்லியில் துருவிய கேரட்டும் டப்பா அன்னாசியும் போட்டு உறையவைத்து, மேலே கொஞ்சம் கிரீம் தடவினால் அதுதான் சாலட். மின்னசோட்டாவின் வடக்கே, பாதி வருஷம் ஏரி உறைந்து கிடக்கும் ஊரில், பச்சை இலையை முயல்களுக்கு விட்டுக்கொடுப்பதுதான் நியாயம். ஆகவே கலிஃபோர்னியாவுக்குக் குடிபோன என் நாத்தனார் எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு சாலட் சுழற்றியை அனுப்பியபோது, அதை ஃபிரிட்ஜின் தலையில் ஏற்றிவைத்து மறந்துபோனேன். ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் ஓட்டைக் கூடை, மூடியில் ஒரு குமிழ். கழுவிய இலையைக் கூடையில் போட்டுக் குமிழை அழுத்தினால், கூடை விர்ரென்று சுற்றி ஈரத்தையெல்லாம் உதறிவிடும். நல்ல பொருள்தான். எங்களிடம் இலை இல்லை.

ஈரக் கையுறை இருந்தது.

என் கணவன் ஓரின் பனிக்காலம் முழுவதும் ஏரியின் மேல் ஒரு மரக்கூண்டை இழுத்துக்கொண்டு போய் வைத்து, உறைபனியில் துளை போட்டு, அந்தத் துளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். சில நாள் மீன் வரும். மீன் வந்தாலும் வராவிட்டாலும் கையுறை நனையும். கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை வைத்து, மற்ற நான்கு விரலையும் ஒன்றாகப் போட்டு அடைக்கும் தடித்த கம்பளிக் கையுறை. அதைக் கொண்டுவந்து ஹீட்டரின் மேல் போடுவான். நனைந்த ஆடு ஒன்று செத்த மீனைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டில் குடித்தனம் வைத்தது போல நாற்றம் அடிக்கும். காலையில் கையுறை வெளியே கருகியும் உள்ளே ஈரமாகவும் கிடக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அந்தக் கையுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். அந்த நேரம் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு என்னைப் பலர் கேட்டார்கள். பிரமாணம் வாங்கிக்கொண்டும் கேட்டார்கள். உண்மையில் ஒன்றும் நினைக்கவில்லை. சலிப்பு மட்டும் இருந்தது. சலிப்பின் அடியில் ஏதோ ஒன்று மெல்ல அசைந்தது. பூட்டிய வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தியதுபோல. கண் தானாக ஃபிரிட்ஜின் தலைக்குப் போனது. கையுறைகளைக் கூடையில் போட்டுக் குமிழை அழுத்தினேன். கிண்ணத்தில் ஏரி வந்து நின்றது.

மறுநாள் காலை ஓரின் கையுறையை மாட்டிக்கொண்டு, கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"காஞ்சிருக்கு" என்றான்.

எங்கள் ஊர்க் கணக்கில் அது ஒரு சொற்பொழிவு.

பிரச்சினை ஏரியில் தொடங்கியது. மற்ற மீன்பிடிகாரர்கள் இவன் கையைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். இவன் விவரித்திருக்கிறான். பத்து நாளைக்குள் எல்லா வீட்டிலும் கையுறை சுற்ற ஆரம்பித்துவிட்டது. இரும்புக்கடை லைல் நகரத்திலிருந்து சுழற்றிகளை வரவழைத்துக் கண்ணாடி ஜன்னலில் அடுக்கி, மேலே ஒரு பலகை எழுதி மாட்டினான்: 'ஓரின் சுத்து. ஈரம் போயே போச்சு.'

அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஓரினைக் கேட்டேன்.

"என் பேர ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"கேக்காமலேயே ஓரின்னு எழுதிட்டாங்களா?"

"விடு மார்லிஸ். யாரு செஞ்சா என்ன? கை காயுதா இல்லையா?"

கை காய்ந்தது. எனக்குள் வேறெதுவோ காயாமல் கிடந்தது. அன்று முழுவதும், என் பெயர் எழுதியிருக்கும் இடங்களை மனதில் தேடிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் உரிமத்தில் இருந்தது. தபால் பெட்டியில், ஓரினின் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் இருந்தது. சர்ச் பெண்கள் போட்ட சமையல் புத்தகத்தில் கேரட் ஜெல்லிக்கு மேலே இருந்தது. அந்தக் கேரட் ஜெல்லியும் என்னுடையதல்ல. பக்கத்து வீட்டு ஆர்டிஸுடையது. அச்சுக்காரர் மாற்றிப் போட்டுவிட்டார். வாழ்க்கையில் எனக்கென்று சொந்தமாக ஒன்று தோன்றியிருக்கிறது, அதற்கும் ஓரின் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நூலகத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது: புதுப் பொருளைக் கண்டுபிடித்தால்தான் காப்புரிமை என்றில்லை, இருக்கும் பொருளைப் புதுவிதமாகப் பயன்படுத்தினாலும் அந்தப் பயன்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கலாம். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பெயரைத் தெளிவாக அச்சடித்துக் கொடுப்பார்களாம். எனக்கு அந்த இடம் மட்டும் போதும். தலைநகரில் இருக்கும் புத்தாக்க உரிமை மன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். 'பச்சைக் கம்பளிக் கையுறைகளைச் சாலட் சுழற்றியில் உலர்த்தும் முறை.' ஓரினின் கையுறை பச்சை. அதனால் பச்சை என்று எழுதினேன். அது நான் செய்த முதல் தப்பு.

என் விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர் பெயர் தாடியஸ் கிரிம்மின்ஸ். அவர் பதில் இப்படி இருந்தது: 'விண்ணப்பதாரர் கையுறை எனக் குறிப்பிடும் பொருள் தட்டையானது, வளையக்கூடியது, பச்சையானது, நனைந்தால் கனப்பது, நடுவே நரம்புபோல் தையல் ஓடுவது. இலையும் அவ்வாறே. ஆகவே கையுறை என்பது கட்டைவிரல் முளைத்த இலை. சுழற்றியில் இலையை உலர்த்துவது ஏற்கெனவே அறியப்பட்டதாகையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

பச்சை என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பழுப்பு என்று திருத்தி அனுப்பினேன். இலையுதிர் காலத்தை விண்ணப்பதாரர் கருத்தில் கொள்ளவில்லை என்று பதில் வந்தது. இலையைச் சாப்பிடலாம், கையுறையைச் சாப்பிட முடியாது என்று எழுதினேன். 'விண்ணப்பதாரர் கையுறையைத் தின்று பார்த்ததற்கான சான்று இணைக்கப்படவில்லை' என்று வந்தது.

அப்போது ஆர்டிஸ் காபிக்கு வந்திருந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு, "எங்க நாய் ரெண்டு கையுறைய முழுசாத் தின்னுச்சேடி. அத மட்டும் எழுதிடாத" என்றாள்.

எழுதவில்லை. கையுறையைக் கம்பளியால் பின்னுகிறார்கள், கம்பளி ஆட்டிலிருந்து வருகிறது, ஆடு மரத்தில் முளைப்பதில்லை என்று மட்டும் பணிவாக எழுதினேன். வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. ஆடு குறித்த வாதம் உயிரியல் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஏற்கப்பட்டிருந்தது. தற்போதைக்குக் கையுறை இலையல்ல என்று மன்றம் தாராள மனதுடன் வைத்துக்கொள்கிறது. ஆயினும், இந்த முறை சாதாரணருக்கு எளிதில் தோன்றக்கூடியதா என்று பார்க்க வேண்டியிருப்பதால் தொலைபேசியில் விசாரணை உண்டு.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாராவது பாராட்டினால் உடனே, "இதுல என்ன இருக்கு, யாரு வேணும்னாலும் செஞ்சிருப்பாங்க" என்று சொல்லிவிட வேண்டும். நல்ல காபி போட்டாலும் சரி, எரிகிற வீட்டுக்குள் ஓடிப்போய்க் குழந்தையைக் காப்பாற்றினாலும் சரி, அதுதான் பதில். பாராட்டுகிறவரும் அதிகம் போய்விடக் கூடாது. "மோசமில்ல" என்பதுதான் எங்களிடம் உள்ள மிக உயர்ந்த பாராட்டு. "வித்தியாசமா இருக்கு" என்றால் வெளியே சொல்ல முடியாத அளவுக்குக் கேவலம் என்று அர்த்தம். இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குளிரோடு சேர்ந்து உள்ளே இறங்கியது.

கிரிம்மின்ஸ் தொலைபேசியில் நெடுநேரம் கேள்வி கேட்டார். குமிழை அழுத்தியது எந்தக் கை, கையுறை எந்தக் கைக்குரியது, இரண்டும் ஒன்றா. காய்ந்த பிஸ்கட்டை நொறுக்குவது போன்ற குரல். எல்லாம் முடிந்தபின் அந்தக் குரல் கொஞ்சம் இளகியது.

"பதிவுக்காக இல்ல, மேடம். மனசுல பட்டதச் சொல்றேன். ரொம்ப புத்திசாலித்தனமான யோசனை."

"இதுல என்ன இருக்கு, யாரு வேணும்னாலும் செஞ்சிருப்பாங்க" என்றேன்.

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் ஓசை.

"அதத் திரும்ப ஒருதரம் சொல்ல முடியுமா?" என்றார்.

அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதைக்காகக் கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். "சின்னக் கொழந்தைகூட செஞ்சிருக்கும், சார்."

அடுத்த நிராகரிப்பு இப்படித் தொடங்கியது: 'விண்ணப்பதாரர் தாமாகவே முன்வந்து இருமுறை ஒப்புக்கொண்டபடி, யார் வேண்டுமானாலும், சின்னக் குழந்தை உட்பட...'

மேல்முறையீடு செய்தால் தலைநகரில் நேரடி விசாரணை கிடைக்கும் என்று கடைசி வரியில் இருந்தது. அதன் அடியில், அலுவலக எழுத்தாக இல்லாமல், யாரோ பென்சிலால் மெலிதாகக் கிறுக்கியிருந்தார்கள்: 'தயவுசெய்து அந்த வாக்கியத்தை மட்டும் அங்கே சொல்லாதீர்கள். தா.கி.'

ஊராரின் சாட்சிக் கடிதங்கள் வேண்டியிருந்தன. எல்லோரும் தயங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். பாதிரியார், 'மார்லிஸின் முறை மோசமில்லை' என்று எழுதினார். எழுதும்போது அவர் கண் கலங்கியிருந்தது. இரும்புக்கடை லைல் 'பரவாயில்லை என்றே சொல்லலாம்' என்று எழுதிவிட்டு, ரொம்பப் புகழ்ந்துவிட்டேனோ என்று கேட்டான். பலகையில் பெயரை மாற்றுவாயா என்றதற்கு, பெயிண்ட் காய்ந்துவிட்டது என்றான். மன்றத்தின் குறிப்பில் பிறகு பார்த்தேன்: 'சொந்த ஊராரிடமே இம்முறைக்கு உற்சாகமான வரவேற்பு இல்லை.'

விசாரணையில் பிரமாணம் எடுத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று விதி. 'இது வேறு யாருக்கும் தோன்றியிருக்காது; எனக்கு மட்டுமே தோன்றியது.' குளியலறைக் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தேன். முதல் பாதி எப்படியோ வந்தது. 'எனக்கு மட்டுமே' என்ற இடத்தில் முகம் சிவந்து, கண்ணாடியில் இருந்தவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நான் வெட்கப்பட்டது பொய்க்காக அல்ல. அது உண்மை என்பதற்காக. உண்மையை இவ்வளவு சத்தமாகச் சொல்வது, உடை இல்லாமல் தபால் எடுக்கப் போவதுபோல இருந்தது.

கதவுக்கு வெளியே ஓரின் நின்றிருக்க வேண்டும்.

"உள்ள யாரு?" என்றான்.

"நான்தான்."

"இல்ல, யாரோ பெரும பேசுற சத்தம் கேட்டுச்சு."

பிறகு, தலைநகருக்குத் தானும் வருவதாகச் சொன்னான். மீன் கடிக்கும் வாரம் அது. விமானத்தில் சுழற்றியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான்.

மன்றக் கட்டடத்தில் கால் வைத்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. யாரும் நாற்காலியின் முதுகில் கோட்டை மாட்டவில்லை. எல்லோரும் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வேலை செய்தார்கள். யார் காதிலும் பென்சில் இல்லை. காற்றில் கதவு படீர் படீரென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு தடித்த அகராதி இருந்தது, அதை எடுத்து முட்டுக்கொடுக்க ஆளில்லை. வாசல் காவலரிடம் கேட்டேன்.

"நாற்காலி உக்கார்றதுக்கு, மேடம்" என்றார் அவர். "கோட்டு மாட்டுறது வேற பயன்பாடு. இங்க வேலை செய்றவங்களே அனுமதி இல்லாம வேற பயன்பாடு பண்ணினா ஊர் என்ன பேசும்?"

ஓரின் என் காதருகே குனிந்தான். "வித்தியாசமா இருக்கு" என்றான்.

விசாரணை அறையில் ஒரு நீண்ட மேசை. தலைமை ஆணையர் திருமதி ஹேவர்ஸ்டாக் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளி முடி, இறுக்கமான காலர், எதிலும் தங்காத கண். ஒரு பக்கம் கிரிம்மின்ஸ். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட இளைஞர், கவலையான காதுகள். இன்னொரு பக்கம் ஒரு பெரிய தோல் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் 'சாதாரணர்' என்று பித்தளைப் பலகையும், ஆவி பறக்கும் ஒரு கோப்பைக் காபியும் இருந்தன. விசாரணை தொடங்குமுன் எல்லோரும் எழுந்து அந்த நாற்காலிக்குத் தலை வணங்கினார்கள். நாங்களும் வணங்கினோம்.

"அவர் எப்ப வருவாரு?" என்று கேட்டேன்.

திருமதி ஹேவர்ஸ்டாக் பொறுமையாகச் சிரித்தார். "சாதாரணர் வரமாட்டார். அவர் ஆள் இல்ல, மிஸஸ் டாலெஃப்சன், அளவுகோல். துறையில வந்த எல்லாத்தையும் படிச்சிருப்பார். எதையும் மறக்கமாட்டார். ஆனா சொந்தமா அவருக்கு ஒண்ணுமே தோணாது. உங்க யோசனை அவருக்கே தோணியிருக்கும்னா அது கண்டுபிடிப்பு இல்ல. இத்தனை வருஷத்துல அவரைக் கேக்காம நாங்க ஒரு முடிவும் எடுத்ததில்ல."

"அவர் எப்படிப் பதில் சொல்வாரு?"

"மௌனமா இருப்பார். மௌனம் சம்மதம்."

அவர் பேசும்போது மேசையில் கை ஊன்றினார். மேசை சட்டென்று அவர் பக்கம் சாய்ந்தது. சாதாரணரின் காபி வழுக்கிக்கொண்டு வந்தது. கிரிம்மின்ஸ் தலையைத் திருப்பாமலேயே அதைப் பிடித்து மறுபடி அதன் இடத்தில் வைத்தார். பழகிய கை. ஒரு கால் குட்டையான மேசை. யாராவது கையை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம், வைக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம். கோப்பெல்லாம் காபிக் கறை.

ஓரினை முதலில் விசாரித்தார்கள். ஊரில் இது 'ஓரின் சுத்து' என்று அறியப்படுவதாகத் தகவல் வந்திருக்கிறது, இது யாருடைய யோசனை என்றார் ஆணையர். ஓரின் எழுந்து நின்று தொப்பியைக் கையில் சுருட்டினான். அவனுக்குப் பேசுவது என்றால் குளிர்ந்த நீரில் கை விடுவது மாதிரி.

"அவளோடது" என்றான். பிறகு, நியாயமாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "நான் நனைச்சேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்துகொண்டான். நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடமாகப் போயிருக்கும்.

அதன்பின் திருமதி ஹேவர்ஸ்டாக் மன்றத்தின் சார்பில் உரையாற்றினார். மேசை முன்னும் பின்னும் ஆட ஆட, அவர் குரல் மட்டும் ஆடாமல் ஓடியது.

"இந்த மன்றத்தோட பெருமையே என்ன தெரியுமா? இங்க யாரும் எதையும் புதுசா யோசிக்கிறதில்ல. யோசிக்கிறவங்கள நடுநிலையா எடை போடணும்னா, யோசனையே படாத மனசு வேணும். அந்த மனச நான் பதவிக்கு வந்த நாள்லேருந்து கறை இல்லாம காப்பாத்திட்டு வர்றேன். போன வருஷம் லிஃப்டுல மாட்டிக்கிட்டேன். கையில குடை இருந்துச்சு. குடையால கதவ நெம்பியிருக்கலாம்னு பின்னால எல்லாரும் சொன்னாங்க. எனக்குத் தோணவே இல்ல. அந்தத் தகுதியாலதான் இந்த நாற்காலி."

மேசை சாய்ந்தது. காபி வந்தது. கிரிம்மின்ஸ் பிடித்தார்.

எனக்குள் மறுபடியும் அந்த நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்தேன். கையில் விசாரணை அழைப்புக் கடிதம் இருந்தது. அதை நான்காக மடித்தேன், எட்டாக மடித்தேன். குனிந்து மேசையின் குட்டைக் காலுக்கடியில் செருகிவிட்டு நிமிர்ந்தேன்.

மேசை நின்றுவிட்டது.

கிரிம்மின்ஸ் ஒரு விரலால் மேசையைத் தொட்டுப் பார்த்தார். மெல்ல அழுத்தினார். அசையவில்லை. திருமதி ஹேவர்ஸ்டாக் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சமமான தரையைப் பார்த்தவர் போல நின்றார்.

"காகிதம் எழுதுறதுக்கு" என்றார், மெதுவாக. "அதக் காலுக்கு அடியில வைக்கலாம்னு ஒருத்தர் ஏற்கெனவே விண்ணப்பிச்சிருக்கார். ஒன்பது வருஷமா பரிசீலனையில இருக்கு. நிபுணர் குழு ரெண்டு தடவ கூடியிருக்கு. இது... நீங்களா யோசிச்சதா?"

நாக்கின் நுனியில் அந்த வாக்கியம் வந்து நின்றது. எதிரே கிரிம்மின்ஸ் கண்ணாலேயே கெஞ்சினார். பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"நானாத்தான்" என்றேன்.

சொன்ன பிறகு இடி விழவில்லை. ஓரின் பெஞ்சில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். பைபிள் மேல் கை வைத்து, குளியலறைக் கண்ணாடியில் பாதியில் நின்ற வாக்கியத்தை முழுதாகச் சொன்னேன். "இது வேற யாருக்கும் தோணியிருக்காது. எனக்கு மட்டும்தான் தோணுச்சு." காது சூடேறியது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் நின்று பார்த்தபோது, அங்கே வெளிச்சம் இருந்தது. நிற்க இடமும் இருந்தது. இத்தனை வருஷம் நான் அதன் வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஆணையர் சாதாரணரின் நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி மௌனமாக இருந்தது. ஆடாத மேசையில் அந்த மௌனம் இந்த முறை மறுப்பாகத் தெரிந்தது என்று அவரே அறிவித்தார். சான்றிதழை எடுத்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் தெளிவாக, பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. முத்திரையை மையில் ஒற்றினார். மேலே தூக்கினார். தூக்கியபடியே, வாழ்க்கையில் யாரையும் பாராட்டியிராத அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து மனதாரச் சொன்னார்.

"மிஸஸ் டாலெஃப்சன், இது உண்மையிலேயே அபாரமான காரியம்."

"ஐயோ, இதுல என்ன இருக்கு" என்றேன் நான், "யாரு வேணும்னாலும் செஞ்சிருப்பாங்க."

முத்திரை அந்தரத்தில் நின்றது. கிரிம்மின்ஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எனக்கு என் குரல் கேட்டபோது அது ஏற்கெனவே பதிவாகியிருந்தது.

திருமதி ஹேவர்ஸ்டாக்கின் முகத்தில் கோபம் இல்லை. அதைவிடப் பயங்கரமான ஒன்று, பரவசம், இருந்தது. அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னை.

"மீன் கையுறையும் தெரியும், சாலட் சுழற்றியும் தெரியும்" என்றார் தணிந்த குரலில். "யாரைவிடவும் தான் அதிகம் இல்லன்னு நம்புறவங்க. அதத் தூக்கத்துல கேட்டாலும் சொல்றவங்க. கிரிம்மின்ஸ், இத்தனை வருஷமா நாம யாருக்குக் காபி போட்டு வெச்சிட்டிருந்தோம்னு தெரியுதா?"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலை வணங்கினார்கள். இரண்டு அலுவலர்கள் என் முழங்கையைப் பிடித்து, மரியாதையோடு, அந்தத் தோல் நாற்காலிக்கு அழைத்துப் போனார்கள். மறுப்பது பெருமையாகத் தெரியும் என்று உட்கார்ந்துவிட்டேன். காபி இன்னும் சூடாக இருந்தது. எனக்கு வேண்டிய அளவு பாலோடு.

"சாதாரணர் அவர்களே" என்றார் ஆணையர், குரல் தழுதழுக்க. "கையுறையைச் சாலட் சுழற்றியில் உலர்த்தும் யோசனை தங்களுக்குத் தோன்றியிருக்குமா?"

பைபிள் மேல் வைத்த கை. பொய் சொல்ல முடியாது.

"தோணுச்சு" என்றேன்.

"பதிவாகட்டும்" என்றார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேசைக்கு அடியில் இருந்த கடிதத்தைத் தடயப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். மேசை மறுபடி சாய்ந்து, மை, காபி, என் பெயர் போட்ட சான்றிதழ் எல்லாம் ஒன்றாகக் கலந்து தரைக்குப் போயின.

திரும்பி வரும்போது விமானத்தில் சுழற்றி என் மடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். சான்றிதழ் போனதற்காக அவ்வளவாக வருத்தம் இல்லை. அந்த வாக்கியம் என்னைக் கேட்காமலே வெளியே வந்ததுதான் உறுத்தியது. என் வாயில் என்னைத் தவிர எல்லோரும் குடியிருக்கிறார்கள் என்று தோன்றியது. என் பாட்டி, பாதிரியார், ஆர்டிஸ், ஏரி, குளிர். நான் வாடகைக்குக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து, சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் வழக்கம்போல எல்லோரும் காபிக்குக் கூடினோம். நீண்ட மேசைகளில் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு வேகவைத்த தட்டுகள், ஜெல்லி சாலட்கள். தலைநகரில் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை. கோட்டு மாட்டும் இடத்தில் ஒரு பொதுச் சுழற்றி வைத்திருந்தார்கள். பாதிரியார் தன் கையுறையை அதில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். இரும்புக்கடை லைல் ஓரினின் முதுகில் தட்டினான்.

"உன் சுத்து நல்லாத்தான் ஓடுது, ஓரின்."

ஓரின் வாயில் இருந்த உருளைக்கிழங்கை மென்று முடித்தான்.

"அவளோடது" என்றான், முள்கரண்டியால் என்னைக் காட்டி.

கூடத்தில் இருந்த தலைகள் என் பக்கம் திரும்பின. ஆர்டிஸ் காபிக் குடத்தோடு என் அருகில் நின்றிருந்தாள். எத்தனையோ வருஷத் தோழி. தன் ஜெல்லிக்கு என் பெயர் விழுந்ததை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மன்னித்தவள்.

"மோசமில்லாத யோசனைடி, மார்லிஸ்" என்றாள்.

அவள் குரலில் இருந்து தெரிந்தது, உள்ளூர இருந்த அத்தனையையும் அதில் போட்டுச் சொல்லியிருக்கிறாள். பதிலுக்காகக் காத்திருந்தார்கள். பதில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அது என் தொண்டையில் கோட்டு மாட்டிக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு, வெளியே கிளம்பத் தயாராக நின்றது. நான் அந்தத் தோல் நாற்காலியை நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியாக இருந்தது அது. பால்கூடச் சரியாக இருந்தது.

"ஆமா" என்றேன்.

யாரோ ஒரு கரண்டியைக் கீழே போட்டார்கள். பாதிரியாரின் சுழற்றி மெல்ல மெல்ல நின்றது. ஆர்டிஸ் நிரம்பிய கோப்பையில் மேலும் காபி ஊற்றிக்கொண்டே இருந்தாள், அது சாசரில் வழிவதைக் கவனிக்காமல். பிறகு லைல் தொண்டையைச் செருமி, இந்த வாரம் மறுபடி பனி கொட்டும் என்று சொல்கிறார்கள் என்றான். எல்லோரும் நன்றியோடு பனியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது ஏரிக்கரைக்கு வந்தோம். ஏரி வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் அவனுடைய மரக்கூண்டு சின்னதாகத் தெரிந்தது.

"கொஞ்சம் அதிகமாப் போயிட்டியோ?" என்றான்.

"ஆமா" என்றேன்.

அவன் யோசித்தான். இரண்டு மைல் அளவுக்கு யோசித்தான். பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மோசமில்ல" என்றான்.